இரண்டு நட்டும் ஒரு பழைய ஜீப்பும்

இனிமேல் யார் வீட்டு பீரோவையும் தூக்குவதில்லை என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை முடிவெடுத்தேன். எடுத்த இடம், என் மச்சான் புதிதாகக் குடிபோன வீட்டின் மாடிப்படித் திருப்பம். அந்த நேரத்தில் பீரோ என் நெஞ்சின் மேல் சாய்ந்திருந்தது. மேலே நின்று அதைப் பிடித்துக்கொள்ள வேண்டிய மச்சானுக்கு அப்போது பார்த்துப் போன் வந்திருந்தது.

பிக்கப் வண்டி வைத்திருப்பவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். கார் வாங்கினால் சொந்தக்காரர்கள் கண் வைப்பார்கள். பிக்கப் வாங்கினால் கையே வைப்பார்கள். நான் மெக்கானிக்காக இருக்கும் பம்ப் ஒர்க்‌ஷாப்பில் பழைய வண்டியைத் தள்ளிவிட்டபோது ஆசைப்பட்டு எடுத்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் தார் ரோடு முடியும் இடம்வரை போக வேண்டும். அதற்கு மேலும் கொஞ்சம் போக வேண்டும். யாரும் என்னைக் கூப்பிடாத ஓரிடத்தில் பிளாஸ்க் டீயோடு உட்கார்ந்திருக்க வேண்டும். அவ்வளவுதான் ஆசை.

நடந்தது வேறு. மனைவிக்குத் தம்பி, தங்கை, சித்தி பிள்ளைகள், பெரியம்மா பிள்ளைகள் என்று ஆட்களுக்குப் பஞ்சமில்லை. எல்லாரும் வாடகை வீட்டில் இருப்பவர்கள். அதிலும் அவள் தம்பி, அதாவது பீரோக்கார மச்சான், ஒரு வீட்டில் காலண்டர் மாட்ட ஆணி அடிப்பதற்குள் அடுத்த வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிடுவான். சனிக்கிழமை சாயங்காலம் "மாமா, நாளைக்கு ஃப்ரீயா?" என்று போன் வரும். நான் வாயைத் திறப்பதற்குள் "ஃப்ரீதான்டா" என்று சமையலறையிலிருந்து பதில் போய்விடும்.

அந்த வாரம்தான் தெருக்கோடி வீட்டு சர்வேயர், தன் ஜீப்பைத் துடைத்துக்கொண்டே பேச்செடுத்தார். ரிட்டயராகித் தோட்டம் போட்டிருக்கிறார்.

"உரமூட்டை ஏத்த உங்க பிக்கப் மாதிரி ஒண்ணு இருந்தா நல்லா இருக்கும் தம்பி. இதை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?"

ஜீப்பைச் சுற்றி வந்தேன். என் வண்டியைவிட வயதில் ரொம்ப மூத்தது. கான்வாஸ் கூரை. பின்னால் எதிரெதிராக இரண்டு பலகை சீட். அதற்குள் ஒரு பீரோவை நுழைக்க வேண்டுமானால் முதலில் பீரோவை அறுக்க வேண்டும். எனக்கு அது ஒன்றே போதும்.

சர்வேயரைப் பக்கத்தில் உட்காரவைத்து, கல்குவாரிக்குப் பின்னால் ஏறும் மண்பாதையில் ஓட்டிப் பார்த்தேன். நாலு சக்கரமும் சேர்ந்து இழுத்தன. எங்கள் வீட்டில் இழுப்பது ஒரே சக்கரம், அது நான். உச்சியில் நிறுத்திப் போனைப் பார்த்தேன். சிக்னல் இல்லை. காற்று மட்டும் இருந்தது. நான் யாருக்கும் தேவைப்படாத, யாரும் எதையும் தூக்கச் சொல்லாத ஒரு பத்து நிமிஷம். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கண் கலங்கிவிட்டது. சர்வேயர் கேட்டதற்குத் தூசி என்றேன்.

வண்டிக்கு வண்டி மாற்றிக்கொள்வதாக அங்கேயே பேசி முடித்தோம். ஞாயிறு காலை வந்து பிக்கப்பைப் பார்ப்பதாகச் சொன்னார். மிச்சம் இருந்தது என் மனைவி.

நேராகக் கேட்டால் "எதுக்கு?" என்பாள். உன் தம்பியிடமிருந்து தப்பிக்க என்பது சொல்லக்கூடிய பதிலா? அதனால் பிக்கப்புக்கு நோய் வர வேண்டும் என்று முடிவு செய்தேன். நோயைத் தீர்க்கத் தெரிந்தவனுக்கு வரவழைக்கவா தெரியாது? பின்சக்கரத்தின் வீல் கப்பைக் கழற்றி, உள்ளே இரண்டு நட்டைப் போட்டு மூடினேன். வண்டிக்கு ஒரு பாதகமும் இல்லை. ஆனால் நகர்ந்தால் கடகடவென்று உயிர் போகிற சத்தம் வரும். அன்றைக்கே மனைவியைக் கடைக்குக் கூட்டிப் போனேன்.

"என்னங்க அது சத்தம்?"

"ஆக்சில்."

"அப்படின்னா?"

"மனுசனுக்கு முதுகெலும்பு இருக்கில்ல, அது மாதிரி."

"அது இல்லாமலே நீங்க ஓடறீங்களே."

"இது சிரிக்கிற விஷயமில்ல. எந்த நேரமும் சக்கரம் கழண்டுக்கும். பிரேக்கும் சரியில்ல. கியர் பாக்ஸ் வேற முனகுது."

"போன வாரம் தம்பி வீடு மாத்தினப்போ நல்லாத்தானே ஓடுச்சு?"

"அந்த பீரோவை ஏத்தினதுலதான் எல்லாம் போச்சு."

சக்கரத்துப் பக்கம் காதைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே வந்தாள்.

"இப்ப என்ன செய்யலாங்கறீங்க?"

"சர்வேயர் ஜீப்பைத் தரேங்கறார். மாத்திக்கலாம். பழசுதான், ஆனா இரும்பு."

"சரிங்க. உங்க உசிரைவிடவா வண்டி பெரிசு?"

நான் அப்போதே சுதாரித்திருக்க வேண்டும். 'சரிங்க' என்ற சொல்லை என் மனைவி, பேரத்தில் மடக்கப்போகிற கடைக்காரர்களிடமும் வீட்டு ஓனரிடமும் சொல்லித்தான் கேட்டிருக்கிறேன்.

ஞாயிறு காலை, சர்வேயர் வருவதற்கு முன்பே நட்டுகளை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். அவர் வந்தார். குனிந்தார், தட்டினார், பானெட்டைத் திறந்தார்.

"எஞ்சின் தங்கம் சார்," என்றேன். "ஆக்சில் அப்படியே புதுசு. பிரேக்கை மிதிச்சா வண்டி மட்டுமில்ல, பின்னாடி வர்ற வண்டியும் நிக்கும். நான் இதுல ஸ்பானர் வச்சதே இல்ல."

மனைவி டீயோடு வந்தாள்.

"அண்ணே, நீங்க வெளியாள் இல்ல, அதனால சொல்றேன். பிரேக்கைப் பாத்து மிதிங்க. ஆக்சில் போச்சாம். கியர் பாக்ஸ் முனகுதாம். சக்கரம் எப்ப கழண்டுக்குமோன்னு இவர் ஒரு வாரமா சோறே சரியா திங்கல."

சர்வேயர் டம்ளருக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"அது... இப்ப சரியாயிடுச்சு," என்றேன்.

"ஆக்சில் தானா சரியாகுமா தம்பி?"

"இவர் மெக்கானிக் அண்ணே," என்றாள் மனைவி. "இவர் சொன்னா சரியாத்தான் இருக்கும். போச்சுன்னு சொன்னதும் இவர்தான்."

சர்வேயர் டீயை முழுசாகக் குடித்தார். டம்ளரைப் பத்திரமாகத் தட்டில் வைத்தார். "காலமெல்லாம் நிலம் அளந்தவன் நான். எல்லைக்கல்லை யார் நகத்தி வச்சிருக்காங்கன்னு மூஞ்சியைப் பாத்தாலே தெரியும்," என்றார். பிறகு தன் ஜீப்பில் ஏறி, என் கனவு ஜீப்பையும் சேர்த்து ஓட்டிக்கொண்டு போனார்.

"இந்த ஆபத்தை வாசல்ல வச்சிருக்க வேண்டாங்க," என்றாள் மனைவி. "தம்பி எடுத்துக்கறேங்கறான். பாவம், நமக்காக."

பொய்யைக் காப்பாற்றினால் வண்டி போகும். வண்டியைக் காப்பாற்றினால் மானம் போகும். நான் வண்டியைத் தேர்ந்தெடுத்தேன்.

"வண்டியில ஒண்ணும் இல்லம்மா. நல்லாத்தான் இருக்கு."

"தெரியும்."

"தெரியுமா?"

"மெதுவா போனா கடகடங்குது. வேகமா போனா சத்தமே இல்ல. முதுகெலும்பு போனவன் ஓடும்போது மட்டும் நிமிந்து ஓடுவானா? மறுநாளே சக்கரத்து மூடியைக் கரண்டியால நெம்பிப் பாத்தேன். ரெண்டு நட்டு இருந்துச்சு. நீங்க கஷ்டப்பட்டுப் போட்டதாச்சேன்னு திரும்ப மூடி வச்சுட்டேன்."

"அப்பவே கேட்டிருக்கலாமே?"

"நீங்க என்கிட்ட கேட்டிருக்கலாமே? குவாரி மேல போய்க் கண்ணைத் துடைச்சீங்களாம். சர்வேயர் சம்சாரம் சொல்லித்தான் எனக்குத் தெரியுது. ஜீப் வந்திருந்தா என்னையும் அங்க கூட்டிட்டுப் போயிருப்பீங்களா?"

போயிருப்பேன் என்று சொல்லியிருக்க வேண்டும். உடனே சொல்லியிருக்க வேண்டும். ஆனால் நான் கண்ட கனவில் டீ டம்ளர் ஒன்றுதான் இருந்தது. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சாவியைக் கொடுங்க," என்றாள்.

மச்சான் ஒரு நண்பனோடு வந்து வண்டியைக் கொண்டுபோனான். சொந்தத்துக்குள் விலை பேசக்கூடாது என்பதால் யாரும் பேசவில்லை. கசந்துபோய் உட்கார்ந்திருந்தேன். வண்டி போனதைவிட, அவள் கேட்டதற்கு நான் பதில் சொல்லாததுதான் அதிகம் கசந்தது.

ஆனால் வாரக் கடைசி நெருங்க நெருங்க மனசு லேசாகியது. யோசித்துப் பாருங்கள். வண்டி இல்லாதவனை யார் வீடு மாற்றக் கூப்பிடுவார்கள்? ஜீப் இல்லாவிட்டால் என்ன, நடந்தே குவாரிக்குப் போகலாம். சனிக்கிழமை சாயங்காலம் யாரும் போன் செய்யவில்லை. மனைவியிடம் "நாளைக்குக் காலையில நடந்து போயிட்டு வரலாம், நீயும் வா" என்றுகூடச் சொல்லிப் பார்த்தேன். "பாக்கலாம்," என்றாள்.

ஞாயிறு காலை வாசலில் ஹார்ன் அடித்தது. என் பிக்கப். ஓட்டி வந்த நண்பன் சாவியை என் கையில் வைத்துவிட்டு நடையைக் கட்டினான். மச்சான் பக்கத்து சீட்டிலிருந்து இறங்காமலே "மாமா, பெயிண்ட் எப்படி இருக்கு?" என்றான். வண்டியின் பக்கவாட்டில் பெரிய மஞ்சள் எழுத்தில் 'வீடு மாற்றித் தரப்படும், ஞாயிறு உண்டு' என்று எழுதியிருந்தது. கீழே ஒரு போன் நம்பர்.

"இது என் நம்பராச்சே," என்றேன்.

"அவனுக்குத்தான் ஓட்டத் தெரியாதே," என்றாள் மனைவி. "டிரைவர் நம்பரைத்தானே போடுவாங்க. உள்ள உங்க போன் அடிக்குது பாருங்க, எடுங்க."