ஈரச் சாக்கும் ஒரு டன் ஏசியும்

உலகத்தில் எனக்குத் தெரியாத விஷயம் ஆயிரம் இருக்கிறது. அவற்றால் எனக்கு ஒருநாளும் அவமானம் வந்ததில்லை. ஒவ்வொரு தடவையும் என் மானம் போனது, 'இது நமக்கு நல்லா தெரிஞ்சதாச்சே' என்று நான் நெஞ்சை நிமிர்த்திய விஷயத்தில்தான்.

எனக்கு நன்றாகத் தெரிந்த விஷயம் சாக்கு. கள்ளக்குறிச்சியில் எங்கள் அத்தாவுக்கு (அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) சாக்குக் கடை. நெல்லுக்கு ஒரு ரகம், மக்காச்சோளத்துக்கு ஒரு ரகம், ஒட்டுப்போட்ட பழையது ஒரு ரகம். சித்திரை பிறந்தால் போதும், ஜன்னலில் நனைத்துக் கட்டவும் கோழிப்பண்ணையில் தொங்கவிடவும் ஜனங்கள் எங்களிடம்தான் வருவார்கள். "ஈரச் சாக்கு இருந்தா ஊட்டி எதுக்கு?" என்று சொல்லிச் சொல்லி விற்றவன் நான். சொல்லிச் சொல்லி நானே அதை நம்பிவிட்டேன்.

என் தங்கை நஸீமாவுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த சமயம் அது. இரண்டு இடம் கைநழுவிப் போயிருந்தது. இரண்டாவது மாப்பிள்ளையின் அம்மா நடு மே மாதத்தில், உச்சி வெயிலில் வந்தார். எங்கள் வீட்டு உள்ளறையில் உட்கார்ந்து முகத்தை ஐந்து தடவை துடைத்தார். சேமியாவைப் பாதியில் வைத்துவிட்டுப் போனவர், "வூடு ரொம்பப் புழுக்கமா கீது" என்று தரகர் மூலம் சொல்லியனுப்பினார். பெண்ணைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எங்கள் அம்மா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. நஸீமா மட்டும் சிரித்துக்கொண்டே, "முதல்ல வேற வூடு ஒண்ணு கட்டுங்க, என்னை அப்புறம் பார்க்கலாம்" என்றாள். அவள் சிரித்தது எனக்கு அழுகையைவிடக் கஷ்டமாக இருந்தது.

மூன்றாவது வரன் வெள்ளிமலையிலிருந்து வந்தது. கல்வராயன் மலைமேல் மளிகைக் கடை வைத்திருக்கும் குடும்பம். நல்ல மனிதர்கள், நல்ல பையன் என்று ஊரே சொன்னது. ஆனால் மலைக்காற்றிலேயே இருப்பவர்கள். சமவெளிக்காரர்களே தாங்காத அறையில் அவர்கள் எப்படி உட்காருவார்கள்? நான் முடிவெடுத்தேன். ஏசி வாங்கினேன். (பழசுதான். ஜன்னலில் பொருத்துகிற பெட்டி. ஆனாலும் எங்கள் தெருவுக்கே முதல் ஏசி.)

மாட்டிவிட்ட மெக்கானிக் செல்வம் தொழில் தெரிந்தவர். "பாய், இது ஒரு டன். நாலு பேர் படுக்கிற ரூமுக்கு. கூட்டம் ஏத்தாதீங்க. ஸ்டார்ட் ஆகறப்போ டொக்கு டொக்குன்னு சத்தம் வரும், பயந்துடாதீங்க" என்றார். இதில் முதல் பாதி என் காதில் ஏறவில்லை. இரண்டாம் பாதி மட்டும் நன்றாக ஏறியது. அதுதான் பின்னால் வினையாயிற்று.

அவர்கள் வருவதாகச் சொன்னது ஞாயிற்றுக்கிழமை. வியாழனும் வெள்ளியும் கோடை மழை கொட்டித் தீர்த்தது. மழை விட்டதும் வெயில் வந்து பூமியிலிருந்து ஆவி கிளம்ப, ஊரே இட்லிப் பானை ஆயிற்று. சனிக்கிழமை ஏசியைப் போட்டுப் பார்த்தேன். உறுமியது. காற்றும் வந்தது. ஆனால் நான் எதிர்பார்த்த நடுக்கம் வரவில்லை. வேர்வை நின்றது, அவ்வளவுதான்.

நான் யோசித்தேன். (நான் யோசித்தால் வீட்டில் எல்லோரும் கலவரமாவார்கள்.) ஏசி குளிர்ச்சி. ஈரச் சாக்கு குளிர்ச்சி. தண்ணீர் ஊற்றி ஓடவிடுகிற ஏர்கூலர் குளிர்ச்சி. மூன்றையும் ஒரே அறையில் சேர்த்தால்? கடையிலிருந்து முப்பது சாக்கு வந்தது. பத்துக் குடம் தண்ணீரில் ஊறவைத்து நாலு சுவரிலும் ஆணியடித்துத் தொங்கவிட்டேன். மேலே காற்றுப்போக்கிகளை அடைத்தேன். இன்னொரு ஜன்னலை வெளிப்பக்கமாகச் சாக்கு வைத்து ஆணியடித்து மூடினேன். கதவின் இரண்டு பக்கமும் சாக்கு. மூலையில் ஏர்கூலர். பார்க்கச் சாக்குத் தெரியக்கூடாது என்று மேலே அம்மாவின் பூப்போட்ட திரைகள்.

நஸீமா எட்டிப் பார்த்தாள். "அண்ணா, துணி காயவே மாட்டேங்குது இந்த ரெண்டு நாளா. காத்துல அவ்ளோ ஈரம். இதுல இன்னும் தண்ணி எதுக்கு?"

"உனக்கு இன்னா தெரியும்? நான் சாக்குக்காரன்" என்றேன்.

எங்கள் சொந்தத்தில் பெண் பார்ப்பது பெண்கள்தான். மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் உள்ளறைக்குள் போய்ப் பெண்ணோடு பேசுவார்கள். ஆண்கள் முன்கூடத்தில் உட்கார்ந்து விலைவாசி பேசுவார்கள். உள்ளே என்ன நடக்கிறது என்று நாங்கள் எட்டிப் பார்க்க முடியாது. ஆகவே என் வாழ்க்கையின் மிகப் பெரிய கண்டுபிடிப்பு வேலை செய்வதை நான் கண்ணால் பார்க்க வழியில்லை.

ஞாயிறு பகல் பதினோரு மணிக்கு வேன் வந்தது. பெண்கள் ஒன்பது பேர். மாப்பிள்ளையின் அம்மா ஜைனம்பு, கண்ணாடி போட்ட கம்பீரமான மனுஷி. எங்கள் பக்கம் அம்மா, நஸீமா, இரண்டு சித்திகள். நாலு பேருக்கான அறையில் பதின்மூன்று பேரை அனுப்பினேன். அம்மாவிடம் கடைசியாகக் கிசுகிசுத்தேன்: "கதவை இறுக்கிச் சாத்திக்கோங்க. குளிர் வெளிய போகக்கூடாது."

முன்கூடத்தில் மாப்பிள்ளையின் அத்தா உஸ்மான் பாய் உட்கார்ந்தார். அதிகம் பேசாதவர். உள்ளே ஏசியும் கூலரும் சேர்ந்து லாரி ஏற்றத்தில் திணறுவதுபோல உறுமின. நான் அவரை மெல்ல வீட்டின் பக்கவாட்டுக்கு அழைத்துப் போனேன். ஏசியின் பின்பக்கக் குழாயிலிருந்து தண்ணீர் ஒழுகி, கீழே வைத்த பக்கெட் நிரம்பியிருந்தது.

"பாருங்க மாமா! உள்ள எவ்ளோ குளிர்ச்சி இருந்தா இவ்ளோ தண்ணி வரும்!"

அவர் பக்கெட்டைப் பார்த்தார். நான் அந்த பக்கெட்டைத் தூக்கி, பக்கத்து ஜன்னலில் அடித்திருந்த சாக்கின்மேல் ஊற்றினேன். ஐஸ் தண்ணீர் ஆயிற்றே, வீணாக்கலாமா?

"இது எத்தினியாவது பக்கெட்டு தம்பி?"

"காலையிலேர்ந்து எட்டு."

"எட்டையும் இந்தச் சாக்குலதான் ஊத்துனீங்களா?"

"ஆமாங்க."

அவர் சற்று நேரம் ஏசியையும் ஜன்னலையும் மாறி மாறிப் பார்த்தார். "அது உள்ள இருந்து தண்ணியை எடுத்து வெளிய தள்ளுது. நீங்க எடுத்து மறுபடி உள்ள அனுப்பிக்கினு கீறீங்க. அப்போ அது எப்போ தம்பி குளிர் பண்ணும்?"

ஒரு விநாடி என் உள்ளங்கால் சில்லிட்டது. (அன்றைக்கு அந்த வீட்டில் சில்லிட்ட ஒரே பொருள் அதுதான்.) ஆனாலும் விடவில்லை. "டெக்னிக்கு மாமா" என்று சொல்லிவிட்டுக் கூடத்துக்கு வந்தேன்.

அப்போதுதான் உள்ளிருந்து டொக்கு டொக்கு என்று சத்தம் வந்தது. அத்தா என்னைப் பார்த்தார்.

"இன்னாடா அது?"

"கம்ப்ரஸர். பயப்படக்கூடாதுன்னு மெக்கானிக்கே சொல்லிக்கிறாரு."

டொக்கு டொக்கு, கொஞ்ச நேரத்தில் தடதடவென்று ஆயிற்று. "நல்லா பிக்கப் ஆயிடுச்சு" என்றேன். பிறகு கம்ப்ரஸர் என் அம்மாவின் குரலில் கத்தியது: "டேய் காதர்! கதவு தொறக்க மாட்டேங்குதுடா!"

அந்த அறைக் கதவைப் பற்றி ஒரு வார்த்தை. பழைய மரக்கதவு. ஐப்பசி மழையில் ஊதிக்கொண்டு நிலையில் கவ்விக்கொள்ளும். வெளியிலிருந்து தோள் கொடுத்து இடித்தால்தான் திறக்கும். இது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஐப்பசிக்கு இன்னும் ஐந்து மாதம் இருக்கிறதே என்று யாரும் கவலைப்படவில்லை. ஐப்பசியை முப்பது சாக்கில் கட்டி நான் முந்தின நாளே உள்ளே கொண்டுபோய் வைத்திருந்தேன்.

நான் ஓடினேன். அத்தா பின்னாலிருந்து கத்தினார்: "உள்ள பொம்பளைங்க கீறாங்க, கண்ணை மூடிக்கினு இடிடா!" மூடிக்கொண்டு இடித்தேன். மூன்றாவது இடியில் கதவு திறந்தது. நான் நிற்கவில்லை. கண்ணை மூடிய வேகத்தில் நேராகப் போய் ஏர்கூலரைக் கட்டிப்பிடித்து, அதோடு சாய்ந்து, அதன் தொட்டித் தண்ணீரையெல்லாம் தரையில் கொட்டி, கடைசியாக நானும் அதில் உட்கார்ந்தேன்.

கண்ணைத் திறக்கவில்லை. ஆனால் மூக்கை மூட முடியவில்லையே. நனைந்த பழஞ்சாக்கு நாற்றம், பிரியாணி மணம், மல்லிகை, வேர்வை எல்லாம் சேர்ந்து ஒரு ஆவி. நெல்சாக்கில் குடியிருந்த வண்டுகள் ஈரம் தாங்காமல் வெளியே வந்து திரையெல்லாம் ஊர்வலம் போயிருக்கின்றன. (பிற்பாடு கேள்விப்பட்டது. ஒன்று ஜைனம்பு அவர்களின் கண்ணாடி மேலேயே ஏறியதாம்.)

போயிற்று, மூன்றாவது வரனும் என் கையாலேயே போயிற்று. தண்ணீரில் உட்கார்ந்தபடி எனக்கு நிஜமாகவே அழுகை வந்தது. அம்மா இனி எத்தனை நாள் சாப்பிடாமல் இருப்பாள்? நஸீமா இந்தத் தடவையும் சிரிப்பாளா?

சிரிப்பு கேட்டது. நஸீமா மட்டுமில்லை, பதின்மூன்று பேரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே ஒவ்வொருவராக என்னைத் தாண்டி வெளியே காற்றுக்கு ஓடினார்கள்.

நடந்ததை அம்மா பிறகு சொன்னாள். மலையிலிருந்து வந்தவர்கள் கால்மணி நேரத்திலேயே தவித்துப்போக, நஸீமாதான் எழுந்து கூலரின் பிளக்கைப் பிடுங்கியிருக்கிறாள். கல்யாணப் பெண் தலையைக் குனிந்து உட்கார வேண்டுமென்பதெல்லாம் அப்போதே முடிந்தது. திரையைக் கழற்றி, சாக்குகளை இழுத்துப் போட்டு, பிரியாணித் தட்டால் ஜைனம்புவுக்கு விசிறியிருக்கிறாள். குழந்தைபோலப் பயந்த ஒரு பாட்டியம்மாவுக்குத் தண்ணீர் தெளித்து, என்னைப் பற்றிக் கதை சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறாள். (என் கதைகளுக்கு அவளிடம் பஞ்சமே இல்லை.) கதவைத் தட்டத் தட்ட நான் கம்ப்ரஸர் என்று விளக்கம் சொன்னதும் உள்ளே தெளிவாகக் கேட்டதாம்.

வேப்பமர நிழலில் எல்லோரும் மூச்சு வாங்கிய பிறகு ஜைனம்பு என்னைக் கூப்பிட்டனுப்பினார். ஈர வேட்டியோடு போய்த் தலைகுனிந்து நின்றேன். அத்தாவும் உஸ்மான் பாயும் கொஞ்சம் தள்ளி நின்றார்கள்.

"தம்பி, பொண்ணு பார்க்கப் போனா எங்கயும் பத்து நிமிஷந்தான் பார்ப்போம். பொண்ணு குனிஞ்சிக்கினு இருக்கும், நாங்களும் என்னத்தப் பார்த்தோம்னு எழுந்து வந்துடுவோம். உங்க புண்ணியத்துல முக்கா மணி நேரம் பார்த்தோம். இந்தப் பொண்ணுதான் எங்க வூட்டுக்கு."

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். நஸீமா என்னைப் பார்த்து, ஈரத் தலையோடு, கண்ணால் மட்டும் சிரித்தாள். உஸ்மான் பாய் அத்தாவிடம் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்: "சீருன்னு சொல்லி அந்த ஏசியை மட்டும் மலைக்கு அனுப்பிடாதீங்க."

அடுத்த வாரம் வந்த செல்வம் சாக்கையெல்லாம் அள்ளி வெளியே போட்டு, ஏசியைத் தனியே ஓடவிட்டார். நாலு பேர் படுத்தால் நன்றாகவே குளிர்ந்தது. அது மேலும் பத்து வருஷம் உழைத்தது.

நான் வெள்ளிமலைக்குப் போகும்போதெல்லாம் என் தங்கை வீட்டில் எல்லாக் கதவையும் அகலத் திறந்து வைத்துவிடுவார்கள். மச்சான் ஒவ்வொரு தடவையும் முகம் மாறாமல், "கம்ப்ரஸர் வந்துடுச்சு, டீ போடுங்க" என்பார். கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டது.

போன மாதம் நஸீமா போன் செய்தாள். அவள் மகளைப் பெண் பார்க்க வருகிறார்களாம்.

"அண்ணா, நீ கண்டிப்பா வரணும். நீதான் தாய்மாமன், நீ இல்லாம நடக்காது."

"முந்தின நாளே வந்து எல்லா ஏற்பாடும் பார்த்துக்கறேம்மா."

நஸீமா அவசரமாகக் குறுக்கிட்டாள்.

"முந்தின நாள் வேணாம்ணா. அவங்க வந்து உட்கார்ந்தப்புறம் வா."