மிச்சத்தாள் பிறக்கிராசியார்

"…கேள்வியில்லாத பதில் தலையில்லாத மீன், கனம் நீதிபதி அவர்களே. அது பாரையோ சூரையோ எண்டு ஆராலை சொல்லேலும்?"

சட்டப் புத்தகத்தைத் தொடாமல் மீன் கதை சொல்லி வழக்கைத் திருப்பிய மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். திருகோணமலைக் கோட்டில் வழக்காடிய மிச்சத்தாள் பிறக்கிராசியார். சொந்தப் பெயர் அவருடைய மனைவிக்குத் தெரிந்திருக்கலாம். ஒன்பது வருஷம் அவரிடம் கிளாக்கராக இருந்த எனக்கே அது ஞாபகத்தில் இல்லை. இப்போதும் கோட்டு வளவைத் தாண்டினால் என் காது அந்தக் குரலைத்தான் தேடும்.

வக்கீல் பிடிக்க வழியில்லாதவனுக்குக் நீதிமன்றமே ஒருவரை நியமிக்கும். அந்த ஒருவர் எப்போதும் இவர்தான். எதிர்த்தரப்பு தங்களுக்குத் தோதான ஒன்றிரண்டு தாளைத்தான் நீட்டும். "மிச்சத் தாள் எங்கை?" என்று கேட்டுக் கேட்டே அந்தப் பட்டம் வந்தது. பழக்கம் முற்றி, தேத்தண்ணிக் கடையில் வடை சுற்றித் தந்த பேப்பரில் செய்தி பாதியில் நின்றால், மிச்சத் தாளுக்காக இன்னொரு வடை வாங்குவார். ஒருநாள் ஏழு வடை. செய்தி பிடிபடவில்லை, வயிறு பிடித்துக்கொண்டது.

இறக்கக்கண்டி ஊர்ச் சவிரி துறைமுகத்தில் தோணிகளுக்குக் கீல் என்கிற தாரைப் பூசுகிறவன். மேஸ்திரியின் மண்டையை யாரோ உடைத்துவிட, தோணிக் கம்பனி ஆபீசான கந்தோர் சவிரியை விசாரித்துக் கேள்வி பதிலாய் எழுதிய தாள்க்கட்டிலிருந்து ஒரேயொரு தாள் எங்களுக்கு வந்தது. அதில் அவன் சொன்னது: "மேஸ்திரியாருக்கு அடிச்சனான். விடியத் துடங்கி மத்தியானம் வரைக்கும் அடிச்சனான்."

அவ்வளவு நேரம் அடித்தால் மேஸ்திரி மிஞ்சுவாரா என்று ஒருவரும் யோசிக்கவில்லை.

"நான் கீலெல்லோ அடிச்சனான், ஐயா," என்று மறியல் கம்பிக்குப் பின்னால் இருந்து அழுதான் சவிரி. அவன் உள்ளே போன பிறகு பிறந்த பிள்ளையை இன்னும் கண்ணால் காணவில்லை.

முந்தின தாள் வேண்டும். கந்தோரில் கேட்டால் பொலிசைக் காட்டினார்கள், பொலிசில் கந்தோரைக் காட்டினார்கள். வேறு பதினொரு வழக்குகள் மேசையில் கிடக்க, மூன்று கிழமை, இருபத்தொரு நாள், நாங்கள் உட்துறைமுக வீதியை அளந்தோம். ஒரு தாளோடு உங்கள் வேலையைக் குறைத்துவிட்டோமே என்று கந்தோர்ப் பெரியவர் சிரித்தார்.

"தராத தாளைத் தேடுறதுதானப்பா பெரிய வேலை," என்றார் பிறக்கிராசி ஐயா.

வழக்கு நாளில்தான் அந்த மீன் கதை. நீதிபதி சிரிப்பை அடக்கிக்கொண்டு, முழுக்கட்டும் உடனே வரவேண்டும் என்றார். சாக்கில் வந்தது, இருநூறு தாள். வாசிக்க மத்தியானச் சாப்பாட்டு நேரம் மட்டும். கோட்டு விறாந்தையில் பரப்பினோம். மேற்கிலிருந்து கச்சான் காற்று கிளம்ப, ஐயா கோட்டும் டையுமாகத் தாள்களின் மேல் குப்புறப் படுத்துக்கொண்டே வாசித்தார். தேடிய தாள் அவருடைய வேர்த்த கன்னத்தில் ஒட்டியிருந்தது. அதன் கடைசி வரி: "அண்டைக்கு ஆருடைய தோணிக்குக் கீல் அடிச்சாய்?"

சவிரி விடுதலை. கும்பிடக்கூட நிற்காமல் பஸ்ஸுக்கு ஓடினான். ஓடட்டும், பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கும் என்றார் ஐயா.

இனி எந்த வழக்கிலும் ஒரு கிழமைக்கு முன்னமே முழுக்கட்டும் கொடுக்கவேண்டும் என்று நீதிபதி கட்டளையிட்டார். திங்கட்கிழமை மேசையில் கிடந்த பதினொரு வழக்குக்கும் பதினொரு கட்டு மாட்டுவண்டிலில் எங்கள் வாசலில் வந்து இறங்கியது. கதிரை எல்லாம் தாள். வந்த சனம் நிலத்தில்.

"கேட்டு வாங்கின வினை, ஐயா. இவ்வளவையும் வாசிக்க ரெண்டு பேராலை ஏலுமே?" என்றேன்.

 அவர் முதல் கட்டை அவிழ்த்து இரண்டாகப் பிரித்து, இரண்டு கையிலும் தூக்கி நிறை பார்த்தார். மெல்லியதை என் பக்கம் தள்ளிவிட்டு, தடித்ததைத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.