ஹவெவர் பஸ் வந்த கதை

பஸ் வேண்டும் என்று மனு எழுதிக் கொடுத்து, பஸ்ஸும் வராமல், ஊரில் ஓடிக்கொண்டிருந்த ஒரே ஜீப்பையும் தொலைத்த ஆள் தர்மபுரி மாவட்டத்திலேயே நான் ஒருத்திதான். (வேறு யாராவது இருந்தால் சொல்லுங்கள், சங்கம் ஆரம்பித்துவிடலாம்.)

எங்கள் ஊர் சித்தேரி மலைமேல் இருக்கிறது. கேழ்வரகு விளையும், சாமை விளையும், பலா காய்த்துத் தொங்கும். பிளஸ் டூ மட்டும் கிடையாது, அதற்கு மலை இறங்க வேண்டும். என் தங்கை ராணியோடு சேர்த்து ஐந்து பெண்கள் காலை பஸ்ஸில் இறங்கி, சாயங்கால பஸ்ஸில் ஏறி வந்துகொண்டிருந்தார்கள். அந்தச் சாயங்கால பஸ் ஒருநாள் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. அப்புறம் வராமல் இருப்பதே அதன் வழக்கமாகிவிட்டது.

மிச்சம் இருந்தது சின்னையன் மாமாவின் ஜீப். மாமா என் அம்மாவின் தம்பி. அது எட்டுப் பேர் உட்காரும் வண்டி, அவர் பதினெட்டுப் பேரை ஏற்றுவார். (பின்னால் தொங்குகிறவர்கள் இந்தக் கணக்கில் வரமாட்டார்கள்.) "பொட்டப் புள்ளைங்க இப்படித் தொங்கிக்கிட்டு வந்துதான் படிக்கணுமா?" என்று ஐந்து வீட்டிலும் பேச்சு கிளம்பியது. இரண்டு வீட்டில் மாப்பிள்ளை பார்க்கவே ஆரம்பித்துவிட்டார்கள். பஸ் வராவிட்டால் ஐந்து பேரின் படிப்பும் அதோடு சரி.

ஊர்க் கூட்டம் போட்டார்கள். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் மனு கொடுப்பது என்று முடிவானது. எழுதுவது யார் என்று கேட்பதற்கு முன்பே நான் எழுந்து நின்றுவிட்டேன்.

காரணம் இருக்கிறது. அப்போது நான் டிகிரி முடித்துவிட்டு, பேங்க் பரீட்சைக்காகத் தர்மபுரியில் கோச்சிங் போய்க்கொண்டிருந்தேன். அந்தப் பரீட்சையில் இங்கிலீஷில் கடிதமும் கட்டுரையும் எழுத வேண்டும். எங்கள் சார் ஒரு பட்டியல் கொடுத்திருந்தார்: ஹவெவர், நெவர்தலெஸ், ஆன் தி அதர் ஹேண்ட். எதைச் சொன்னாலும் அடுத்த வரியில் அதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டுமாம். ஹவெவர் இல்லாத பாராவுக்கு மார்க் கிடையாதாம். அதோடு ஹூ, விச், ஹூஸ் போட்டு வாக்கியங்களைக் கோத்துக்கொண்டே போக வேண்டும். ஒரு மனிதரின் பெயரை எழுதினால் அவரைச் சும்மா விடக் கூடாது, அவரைப் பற்றி இரண்டு தகவலாவது சேர்த்துக் கட்ட வேண்டும்.

எனக்கு இது பித்தாகவே பிடித்துவிட்டது. வீட்டில் களியை ஒரு வாய் போட்டுக்கொண்டு, "நல்லாருக்கும்மா. ஹவெவர், உப்பு பத்தல" என்பேன். அம்மா கரண்டியைத் தேடுவாள்.

"தமிழ்லயே எழுதுக்கா. பஸ் வேணும்னு நாலு வரி, அவ்ளோதான்" என்றாள் ராணி.

"தமிழ்ல ஊர்ல எல்லாருந்தான் எழுதறாங்க. இங்கிலீஷ்ல இருந்தாத்தான் எடுத்துப் படிப்பாங்க" என்றேன். ஊரும் ஆமாம் என்று தலையாட்டியது. எங்கள் ஊரில் புரியாத எழுத்துக்கு மரியாதை அதிகம்.

இரண்டு நாள் உட்கார்ந்து மூன்று பக்கம் எழுதினேன். கோயில் முன்னால் நின்று சத்தமாகப் படித்தும் காட்டினேன். ஒருவருக்கும் ஒன்றும் புரியவில்லை. கை மட்டும் பலமாகத் தட்டினார்கள்.

சின்னையன் மாமா மட்டும் அருகே வந்தார். "நடுவுல என் பேரு வந்துச்சே கண்ணு, என்னா எழுதியிருக்கற?"

"உங்களப் பத்திப் பெருமையா எழுதியிருக்கேன் மாமா. ரெண்டு வரி."

மாமாவுக்கு முகமெல்லாம் பல். முதல் கையெழுத்து அவருடையதுதான்.

திங்கட்கிழமை மாமாவையும் சேர்த்துப் பத்துப் பேர் போனோம். மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரி மனுவை ஒருமுறை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு இரண்டாம் முறையும் படித்தார். "யாரும்மா எழுதினது?" என்றார். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு முன்னால் போனேன்.

"பஸ் வேணும்னு கேக்கறீங்களா, வேண்டாம்னு கேக்கறீங்களா?"

"வேணும்னுதான் சார்."

"அப்படியா?" என்று அவர் என் மனுவை எல்லோருக்கும் கேட்கும்படி தமிழில் சொல்லத் தொடங்கினார். "'மாணவிகள் ஏழு கிலோமீட்டர் மலை ஏற வேண்டியிருக்கிறது. ஹவெவர், நடப்பது உடம்புக்கு நல்லது. பஸ் இல்லாததால் புளி மூட்டை சந்தைக்குப் போவதில்லை. ஆன் தி அதர் ஹேண்ட், புகை இல்லாததால் மலைக்காற்று சுத்தமாக இருக்கிறது. எங்களுக்கு பஸ் அவசியம். நெவர்தலெஸ், அரசாங்கத்துக்கு டீசல் செலவு ஆகும் என்பதை மறுக்க முடியாது.'" அவர் நிமிர்ந்து பார்த்தார். "நான் பஸ் விட முடியாதுன்னு பதில் எழுதணும்னா என்னென்ன எழுதுவனோ, எல்லாத்தையும் நீங்களே எழுதிட்டீங்களேம்மா."

என்னோடு வந்த ஒன்பது பேரும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பினார்கள்.

அவர் அதோடு விட்டிருக்கலாம். பக்கத்தைத் திருப்பினார். "'எங்கள் ஊர்ச் சின்னையன், ஹூ மிகவும் நல்லவர், ஹூஸ் ஜீப்பில், விச் எட்டுப் பேருக்கான வண்டி, தினமும் பதினெட்டுப் பேர் பயணம் செய்கிறார்கள்.' யாருங்க இந்தச் சின்னையன்?"

பெருமையாக எழுதியிருப்பதாக நான் சொன்னதை நம்பிய மாமா, "நாந்தானுங்க" என்று கையைத் தூக்கினார்.

இரண்டே நாளில் வண்டி சோதனை செய்கிறவர்கள் அடிவாரத்தில் வந்து நின்றார்கள். எண்ணிப் பார்த்தபோது பதினெட்டு இல்லை, இருபத்தொன்று. (என் மனுவில் இருந்த ஒரே பொய் அதுதான்.) ஜீப்பை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

இப்போது பஸ்ஸும் இல்லை, ஜீப்பும் இல்லை. ஐந்து பெண்களும் அந்த வாரம் மிச்ச நாளெல்லாம் பள்ளிக்கூடம் போகவில்லை. ராணி என்னைத் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. அவள் புத்தகப் பையைச் சுவரில் மாட்டிவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. மாமா எங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை.

அடுத்த திங்கட்கிழமை அந்த ஐந்து பெண்களும் தாங்களே புறப்பட்டார்கள். மனு ராணி எழுதியது, தமிழில், இரண்டு வரி: "எங்களுக்குச் சாயங்கால பஸ் வேண்டும். இல்லாவிட்டால் எங்கள் படிப்பு நின்றுவிடும்." நானும் போனேன். ஆனால் வாசலுக்கு வெளியே வேப்ப மரத்தடியில் நிற்கும்படி உத்தரவு.

உள்ளே நடந்ததை அப்புறம்தான் சொன்னார்கள். அதே அதிகாரி. காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏம்மா, இதுல ஹவெவர் எதையும் காணோமே?" என்று கேட்டாராம்.

"இல்லீங்க சார். அத வெளியவே நிக்கச் சொல்லிட்டோம்" என்றாளாம் ராணி.

அவர் சிரித்துவிட்டு அங்கேயே போனை எடுத்துப் பேசினாராம். அந்த வாரக் கடைசியில் சாயங்கால பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு மலை ஏறி வந்தது. ஐந்து பெண்களும் பிளஸ் டூ முடித்தார்கள். ராணி இப்போது நர்ஸ். அவளிடம் நோயாளிகள் மறுபேச்சுப் பேசுவதில்லை என்று கேள்வி.

நானும் பேங்க் பரீட்சையில் தேறினேன். அதில் வந்த கடிதக் கேள்வி என்ன தெரியுமா? 'உங்கள் ஊருக்குப் பேருந்து வசதி கேட்டு அதிகாரிக்குக் கடிதம் எழுதுக.' அதே மனுவை ஒரு எழுத்து மாற்றாமல் எழுதிவைத்துவிட்டு வந்தேன். நல்ல மார்க். இதைக் கேட்ட பிறகுதான் மாமா என்னோடு மறுபடி பேசினார். "ஒரே லெட்டரு. ஒனக்கு வேலை வாங்கிக் குடுத்துச்சு, எனக்கு ஃபைன் வாங்கிக் குடுத்துச்சு."

இங்கிலீஷே தெரியாத எங்கள் ஊரில் அந்த பஸ்ஸுக்குப் பெயர் ஹவெவர். "ஹவெவர் வந்துட்டுதா?" என்று எண்பது வயசு ஆத்தாகூடக் கேட்கும். அபராதம் கட்டி மீட்டு வந்த மாமாவின் ஜீப்புக்குப் பெயர் நெவர்தலெஸ்.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனேன். பேங்கில் நேரமாகிவிட்டதால் அடிவாரத்துக்கு ஓட்டமாக வந்து, டீக்கடைக்காரரிடம் மூச்சு வாங்கக் கேட்டேன். "ஹவெவர் போயிடுச்சாங்க?"

"அது அப்பவே போயிடுச்சும்மா. நெவர்தலெஸ் நிக்குது பாரு, ஓடு."

ஓடிப் போய் ஏறினேன். மாமா பின்னால் திரும்பி ஒவ்வொரு தலையாக எண்ணினார். எட்டில் நிறுத்தி என்னைப் பார்த்தார்.

"நீ ஒம்பதாவது ஆளு கண்ணு. எறங்கிக்க" என்றார். "நடந்தா ஒடம்புக்கு நல்லதுன்னு நீதான எழுதின?"