இருபத்திரண்டு கண்ணி

"என்னம்மா அம்முலு இது, குல்லாவா கொசுவலையா?"

தேவயானி டீச்சர் துண்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக் கேட்டதும், மானாம்பதி சர்ச் ஹாலில் ஆஸ்பத்திரிக் குழந்தைகளுக்குக் குல்லா பின்னிக்கொண்டிருந்த ஊசிகள் எல்லாம் நின்றுவிட்டன.

நாலு அங்குல அகலத்தில் இருபத்திரண்டு கண்ணி, அதாவது பின்னல் வளையம், வர வேண்டும். அம்முலுவின் சாம்பிள் துண்டில் பதினெட்டுதான் இருந்தது; பின்னல் அவ்வளவு தளர்வு.

"இந்தக் கையால குல்லா போட்டா பச்சக்குழந்தைக்குக் கழுத்து வரைக்கும் இறங்கிடும். சாம்பிள் சரியா வந்தாத்தான் குல்லாவுக்கு நூல். வர்ற ஞாயித்துக்கிழமைதான் கடைசி. வரலைன்னா நீ நூல் உருண்டை சுத்திக் கொடு, போதும்."

உருண்டை சுற்றுவதா! அம்முலுவுக்குக் கண்ணில் நீர் முட்டியது. தங்கச்சி சித்ராவுக்கு எட்டாம் மாசத்திலேயே குழந்தை பிறந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் அதைப் போய்ப் பார்த்தபோது தலையில் ஒரு குட்டிக் குல்லா இருந்தது. பின்னிய மகராசி யாரோ, எந்த ஊரோ. குழந்தை தேறி வீட்டுக்கு வந்து இப்போது ஊரையே கூட்டுகிறது. முகம் தெரியாத ஒரு குழந்தைக்காவது தன் கையால் ஒரு குல்லா போட்டுவிட வேண்டும் என்று அன்றிலிருந்து அம்முலுவுக்கு ஒரே துடிப்பு. நடுவில் இந்தப் பாழாய்ப்போன சாம்பிள்!

வீட்டில் புருஷன் தானியேல் மாவுக்கட்டுப் போட்ட காலை நாற்காலியில் நீட்டி டிவி பார்த்துக்கொண்டிருந்தான். நெல் மூட்டை தூக்குகிறவன். வழுக்கி விழுந்ததிலிருந்து அவனுக்கு வாய் மட்டும்தான் வேலை செய்தது.

"நூல இழுத்துப் புடி அம்முலு. ஏரியில இம்மாம் ஓட்டையோட வலைய வுட்டா கெண்ட கூட நிக்காது."

"நீ மூடிக்கினு இருய்யா. ஒன் பேச்சாலதான் எனக்குக் கண்ணி தப்புது!"

மூக்கை உறிஞ்சிக்கொண்டே துண்டைப் பிரித்தாள். அவன் பார்த்துக்கொண்டிருந்தான். பாவமாக இருந்ததோ என்னவோ, அவள் மறுபடி பின்னத் தொடங்கியதும் டிவியை விட்டுவிட்டு அவள் விரல்களையே கவனித்தான்.

ஊசியை மாற்றினால் சரியாகும் என்று யாரோ சொன்னார்கள். காஞ்சிபுரத்துக்குப் பஸ் ஏறிப் போய்ச் சன்ன ஊசி வாங்கி வந்தாள். காலையில் நூறு நாள் வேலை, வந்ததும் சோறு, குழம்பு, பாத்திரம், மிச்ச நேரத்தில் பின்னல். துண்டு மளமளவென்று வளர்ந்தது. கை பழகிவிட்டது என்று அவளுக்கு ஏகப்பட்ட பெருமை.

அளந்து பார்த்தாள். கீழே அகலம், நடுவில் இடுப்பு, மேலே மறுபடியும் அகலம். அசல் உடுக்கை!

டீச்சருக்குப் போன் போட்டாள்.

"மனசு எப்படியோ கை அப்படி அம்முலு. கோபம் வந்தா நூல் இறுகும். உனக்கு எப்பக் கோபம் வரும்?"

"அவரு பேசும்போது டீச்சர்."

"அவர் எப்பப் பேசுவார்?"

"எப்பவும்."

அன்றைக்கே டிவி ஒயரைப் பிடுங்கினாள். செல்போனையும் வாங்கி அரிசி டின்னில் போட்டாள்.

"ஞாயித்துக்கெழம வரைக்கும் ஒரு பேச்சு பேசக் கூடாது."

"அப்ப நான் இன்னாதான் பண்றது?"

"செவுத்தப் பாத்துக்கினு இரு."

தானியேல் சரியென்று தலையாட்டினான். கல்யாணமான நாளாக அவன் இவ்வளவு சுலபமாக எதற்கும் ஒத்துக்கொண்டதில்லை.

விளைவு? அடுத்த துண்டில் ஒரு இடுப்புக்கு மூன்று இடுப்பு வந்தது. உள்ளங்கை வேர்வைதான் காரணம் என்று முடிவுகட்டிப் பவுடர் பூசிக்கொண்டு பின்னினாள். ஊசி வழுக்கிக்கொண்டு ஓடியதில் பாதிக் கண்ணி அவிழ்ந்ததுதான் மிச்சம். எல்லாவற்றையும் பிரித்துப் போட்டுவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

சனிக்கிழமை நடவுக்கு ஆள் கூப்பிட்டார்கள். போகாமல் இருக்க முடியுமா? இடுப்பொடியத் திரும்பி வந்தவள், சுவரில் சாய்ந்து நாலு வரிசை போட்டாளோ இல்லையோ, தூங்கிப்போனாள். விடிந்து பார்த்தால் துண்டு முழுசாக முடிந்திருந்தது. அரைத்தூக்கத்தில் எவ்வளவு போட்டோம் என்று அவளுக்கே நினைவில்லை. அளந்து பார்க்கத் தைரியம் வராமல் பைக்குள் திணித்துக்கொண்டு சர்ச் ஹாலுக்கு ஓடினாள்.

டீச்சர் ஸ்கேலை வைத்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் எண்ணினார்.

"கீழ கொஞ்சம்தான் தளர்வு. அதுக்கு மேல இருக்கிறதை எல்லாரும் வந்து பாருங்க! எங்க எண்ணினாலும் இருபத்திரண்டு! இந்தக் கைதான்மா எனக்கு வேணும். அம்முலு, மேல் பாகம் எப்பப் போட்டது?"

அம்முலு தலையை நிமிர்த்திக்கொண்டாள்.

"அவரு வாயத் தொறக்காம இருந்தப்போ போட்டது டீச்சர்! வூட்டுக்காரன் வாய மூடினா கை தானா சீராவுது."

"அப்ப எங்க வூட்டுலயும் இன்னிக்கே மூடிட வேண்டியதுதான்!" என்றாள் ஒருத்தி. ஹாலே சிரித்தது. டீச்சர் குல்லாவுக்கான நூலை எடுத்து நீட்ட, அம்முலு அதை மார்போடு அணைத்துக்கொண்டாள். சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது.

மூலையில் உருண்டை சுற்றிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுச் சிட்டம்மாள் தலையைத் தூக்கினாள்.

"அண்ணன் எப்புடி அண்ணி வாயத் தொறப்பாரு? நீ அந்தாண்ட வேலைக்குப் போனதும் ஊசிய எடுத்துவச்சிக்கினு அவருதான பின்னிக்கினு கீறாரு. கொழம்பு குடுக்கப் போன என்னையே, 'பேசாத, எண்ணிக்க வுட்டுப்பூடும்'னு தொரத்தி வுட்டாரு!"