ஆண்டவருக்கு விலா எலும்பு தெரியணும்

இயேசுவில் அன்புள்ள ரீத்தா அக்காவுக்கு,

தங்கை லீமா எழுதுவது. உறையில் மட்டும் ‘அருட்சகோதரி’ என்று போட்டிருக்கிறேன், மதர் பார்ப்பார்களே என்று. இங்கே எல்லாரும் சுகம். அந்த மலைக் கான்வென்டில் உன் இருமல் எப்படி என்று எழுது.

இன்று காலை எழுந்ததும் நான் முதலில் செய்த வேலை மஞ்சள்கரு தின்றது. அடுப்பங்கரையில் நின்றபடியே, சிலுவை அடையாளம் போட்டுவிட்டு, ஒரு கிண்ணம் நிறைய. பசியால் இல்லை. வெள்ளைக்கருவை இவர் தின்கிறார். மிச்சத்தைத் தவக்காலத்தில் கொட்டினால் பாவமில்லையா?

போன வருஷம் இவர் கல்ஃபை முடித்துவிட்டு வந்ததும், நம் பங்குக் கோயிலின் புனித வெள்ளி நாடகத்தில் ஆண்டவரைச் சாட்டையால் அடிக்கிற சேவகன் வேடம் கொடுத்தார்கள். “ததேயுஸ் அண்ணே, இந்த அடிக்குக் கொசுகூட சாவாது” என்று கூட்டத்தில் எவனோ கத்திவிட்டான். அந்த ரோஷத்தில் ஜிம்மில் சேர்ந்து, மாட்டிறைச்சியும் மரச்சீனிக் கிழங்கும் ஏத்தன் வாழைப்பழமுமாக வருஷம் முழுக்கத் தின்று, இரும்பைத் தூக்கித் தூக்கி, தோளும் மாரும் வாசலில் இடிக்கிற அளவுக்கு ஆகி, வயிறும் கூடவே வந்து, சேவகன் கவசத்தையும் அகலமாகப் புதிதாகத் தைத்து முடித்த நேரத்தில், ஆண்டவராக நடிக்கிறவர் குவைத்துக்குப் பிளேன் ஏறிவிட்டார். ஃபாதர் இவரை மேலும் கீழும் பார்த்தார். “உசரமுண்டு, தாடியுமுண்டு. ஆனா சிலுவையில தொங்குத ஆண்டவருக்கு வெலா எலும்பு தெரியண்டாமா ததேயுஸ்?” வருகிற ஞாயிறுக்குள் தெரியாவிட்டால் வேடம் ரெனிஷுக்கு. அந்தப் பயல் பிறந்ததே விலா எலும்பு தெரியத்தான்.

வளர்த்த சதை போகக்கூடாதாம், கொழுப்பு மட்டும் போகணுமாம். அதற்குக் கோழி நெஞ்சுக்கறி தின்னச் சொன்னார் ஜிம் மாஸ்டர். தவக்காலத்தில் நம் வீட்டில் கறி ஏது? அதனால் முட்டை, முட்டை, முட்டை. சோறு கிடையாது, மீன்குழம்பில் தேங்காய் கிடையாது. சாயங்காலம் கடற்கரையில் மூச்சிரைக்க ஓட்டம். ஊர்க்காரர்கள் இதைக் கடும் தபசு என்று நினைத்துக்கொண்டார்கள். ஃபாதரே பிரசங்கத்தில், “நம்ம ததேயுஸப் பாருங்க, எப்படி ஒறுத்தல் செய்யுதாரு!” என்று சொல்ல, இவர் தலையைக் குனிந்து ரொம்பத் தாழ்மையாக நின்றார். சட்டைப்பையில் அவித்த முட்டை இருந்தது எனக்கல்லவா தெரியும்!

இவரிடமிருந்து போகிற கொழுப்பு வேறு எங்கேயும் போகவில்லை அக்கா, நேராக என்னிடம்தான் வருகிறது. நாடகத்தில் நான் போடுகிற மாதாவின் நீல அங்கி இப்போது எனக்கு இடுப்பில் ஏறவில்லை. இத்தனை வருஷமும் யாரோ ஒருவர் தலையை மடியில் வைத்து அழுதேன், இவர் அக்கரையில் இருந்தார், போன வருஷம் சாட்டையோடு நின்றார். இந்த வருஷம்தான் என் ஆளே என் மடியில் கிடக்கப்போகிறார் என்று உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் இருந்தது. நேற்று ஒத்திகையில் சிலுவையிலிருந்து இறக்கி மடியில் கிடத்தினார்கள். எனக்கு நிஜமாகவே கண்ணீர் வந்துவிட்டது. அப்போது மரித்த ஆண்டவர் ஒரு கண்ணைத் திறந்து, “ஏட்டி, என்னட்டி மடி இப்படி மெத்து மெத்துன்னு இருக்கு? எல்லாம் கொழுப்பாக்கும். நாளைக்கு நீயும் ஓட வா கேட்டியா” என்றார். மைக் போட்டிருந்தது. கோயில் முற்றமே சிரித்தது. பிலாத்து சிரித்ததில் கைகழுவுகிற தண்ணீர் கொட்டிப்போச்சு.

தவக்காலம், மன்னித்துவிட்டேன். எனக்குப் பொறுமையும் இவருக்கு விலா எலும்பும் கிடைக்க உங்கள் கான்வென்டில் எல்லாரையும் ஜெபிக்கச் சொல். மாதா உனக்குத் துணையிருப்பாளாக.

உன் தங்கை,
லீமா

பின்குறிப்பு: பொறுமைக்கான ஜெபம் வேண்டாம், நிறுத்திவிடு. சேவகன் வேடத்துக்கு இன்னும் ஆள் கிடைக்கவில்லை. இவர் தைத்த கவசத்தைக் கதவைச் சாத்திக்கொண்டு போட்டுப் பார்த்தேன், எனக்கென்றே தைத்தது போல இருக்கிறது. மாதாவுக்கு மடி மெலிந்த யாரையாவது பார்த்துக்கொள்ளட்டும். ஞாயிற்றுக்கிழமை ஃபாதரிடம் சாட்டையைக் கேட்கப்போகிறேன். இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. விலா எலும்புக்கான ஜெபத்தை மட்டும் விட்டுவிடாதே எக்கா. எப்படியாவது இவர்தான் ஆண்டவராக வரணும்.