மைனஸ் அறுநூறு பங்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும்

இனி ஞாயிற்றுக்கிழமையில் ஒரு துரும்பைக்கூட நகர்த்துவதில்லை என்று சபதம் எடுத்தேன். ஆறு நாள் கும்மிடிப்பூண்டி கம்பெனியில் இரும்போடு மல்லுக்கட்டுகிறவன் நான். ஏழாவது நாள் நெல்லோடும் என் மனைவி தமிழ்செல்வியோடும் மல்லுக்கட்ட உடம்பில் தெம்பில்லை. அதனால்தான் தானாகவே பங்குகளை வாங்கி விற்கும் புரோகிராம் ஒன்றை எழுத ஆரம்பித்தேன். அது சம்பாதிக்கும், நான் ஆரம்பாக்கத்தில் கட்டிலில் கிடப்பேன்.

கூட வேலை செய்யும் யேசுதாஸ்தான் ரயிலில் சொல்லிக்கொடுத்தான்.

"ரொம்ப ஈஸிண்ணா. ஒவ்வொரு ஆர்டருக்கும் டைரக்‌ஷன்னு ஒண்ணு கீது. ரெண்டே ரெண்டுதான். ஒண்ணு வாங்கறது, இன்னொண்ணு விக்கறது."

இதில் புரியாமல் போக என்ன இருக்கிறது? வாங்கினால் உள்ளே. விற்றால் வெளியே. அப்படியே எழுதினேன். நல்லவேளை, நேற்றைய விலைகளை வைத்து ஓட்டிப் பார்க்கும் பயிற்சிக் கணக்கு. நிஜப் பணமில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் வேலை முடிந்து வந்து ஓட்டினேன். கையிருப்பு மைனஸ் இருநூறு பங்கு என்று வந்தது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தேன். ஒரு பொருள் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். இல்லாததற்கும் கீழே எப்படிப் போகும்? பதறிப்போய், வெளியே வருவதற்கென்று நான் எழுதியிருந்த விற்கும் கட்டளையைக் கொடுத்தேன். மைனஸ் நானூறு. இன்னொரு தடவை கொடுத்தேன். மைனஸ் அறுநூறு. வெளியே வர வர உள்ளே போய்க்கொண்டிருந்தேன்.

தமிழ்செல்வி எட்டிப் பார்த்தாள்.

"இன்னாயா, பேயறஞ்ச மாதிரி குந்திகினு கீற?"

"உனுக்குப் புரியாது, தமிழு."

"உனுக்குப் புரிஞ்சிடுச்சா?"

லேப்டாப்பை அவள் பக்கம் திருப்பினேன்.

"இல்லாத பங்க வித்துகினே போவுதுமே. ஒரே பேஜாரு."

"நான் புரிய வெச்சா நாளைக்கு உன் ஞாயித்துக்கெழம எனுக்கு. சரியா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எடுத்துக்க போ!"

அவள் முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"போன வருசம் அறுப்புக்கு முன்னாடியே மில்லுக்காரருக்கு இருவது மூட்ட தரேன்னு வெல பேசினேன். அப்ப என் கையில எத்தினி மூட்ட இருந்திச்சி?"

"ஒண்ணுமில்ல."

"ஆனா வித்துட்டேன் இல்ல? அப்ப நான் உள்ளயா, வெளியவா?"

"உள்ள... வெளிய... உள்ளதான்!"

"வெளஞ்சது பதினஞ்சு. மீதி அஞ்சுக்கு இன்னா பண்ணேன்?"

"பக்கத்துல வாங்கிக் குடுத்த."

"அந்த வாங்கறது உள்ள போறதுக்கா, வெளிய வர்றதுக்கா?"

"வெளிய வர்றதுக்கு!"

"அவ்ளோதான். வாங்கறியா விக்கறியான்னு மட்டும் பாத்தா இன்னா தெரியும்? கையில இன்னா கீதுன்னு மொதல்ல பாக்கணும்யா."

ஒரே ஒரு வரியை மாற்றினேன். கையிருப்பு மைனஸில் இருந்தால் வெளியே வர வாங்கு என்று எழுதினேன். ஓட்டினேன். பூஜ்யம்! சந்தோஷத்தில் எழுந்து ஒரு குதி குதித்தேன்.

அப்போது பக்கத்து வீட்டு சின்னப்பொண்ணு வாசலில் வந்து நின்றாள்.

"அண்ணா, நாளைக்கு விடிஞ்சதும் வந்துடு. ரோட்டுல நெல்லு கொட்டிடுவோம். நாப்பது மூட்ட, பொழுதுக்கும் கிண்டணும்."

"நானா? யாரு சொன்னது?"

"அக்காதான் போன ஞாயித்துக்கெழம சொல்லிச்சி. அத நம்பித்தான உங்க நெல்ல நான் காய வெச்சி மூட்ட கட்டிக் குடுத்தேன்?"

போன ஞாயிறு நான் லேப்டாப்போடு உள்ளே இருந்தேன். வெளியே நெல் எப்படிக் காய்ந்தது என்று கேட்கத் தோன்றவே இல்லை. தமிழ்செல்வி பக்கம் திரும்பினேன்.

"போன வாரம் என் ஞாயித்துக்கெழம உங்கிட்ட ஏது?"

"இல்லதான்யா. இல்லாததத்தான் வித்தேன். இப்ப வாங்கி வெளிய வந்துட்டேன்."

அவள் என் தோளைத் தட்டினாள்.

"இன்னும் புரியலன்னா சொல்லு, மறுக்கா வெளக்கறேன். உன் அடுத்த ஞாயித்துக்கெழமையையும் வித்துட்டேன்."