நேர்ந்துவிட்ட பூசணி

வேதநாயகம் போய்ச் சேர்வதற்குள் பூசணியை ஆறு கீற்றாக வெட்டியிருந்தார்கள்.

வண்ணார்பேட்டை சூப்பர் மார்க்கெட். காலையில் ஏரலிலிருந்து அவர்தான் கொண்டுவந்து இறக்கினார். புறப்படுமுன் எடை போட்டதில், சொன்ன நூறு கிலோவுக்கு எட்டுக் கிலோ இடித்தது. குறைந்தால் அடுத்த வாரத்திலிருந்து அவரிடம் காய் எடுக்க மாட்டார்கள். கொடியில் மிச்சமிருந்தது ஒன்றே ஒன்று. அது கர்த்தருடையது. அதையும் பறித்துப் போட்டுவிட்டார்.

கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தால் ஸ்தோத்திரப் பண்டிகைக்குத் தருவதாக நேர்ந்து, மனைவி ஞானசௌந்தரி பிஞ்சிலேயே நகத்தால் சிலுவை கீறியிருந்தாள். நாளை பண்டிகை. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்துவிட்டது. இப்போது அவளுக்கு எல்லாம் தெரிகிறது. அதுதான் பயம்.

"தம்பி, இதை ஒட்ட முடியுமா?"

"ஒட்டுததுக்கு இது என்ன செருப்பா அண்ணாச்சி?" என்றான் கடைப்பையன் சங்கர்.

ஐந்து கீற்றுகள் இருந்தன. சிலுவையின் ஒரு கையோடு ஆறாவது, ஆசியா உம்மாள் என்ற அம்மாளின் கூடையில் இருந்தது.

"அந்தக் கீத்தத் தந்திரும்மா. கோயிலுக்கு நேர்ந்தது."

"நேர்ச்சைக் காய எவன் வித்தான்?"

"நாந்தான்."

"அப்போ நீங்கதான் பயப்படணும். எனக்கென்ன?"

ஆனாலும் கொடுத்தார். பதிலுக்கு இரண்டு தேங்காயை வேதநாயகத்தின் பில்லில் ஏற்றிவிட்டார்.

காலையில் தொண்ணூற்றாறு ரூபாய்க்குக் கொடுத்த காய், சாயங்காலம் நானூற்றெண்பது.

ஆறையும் சேர்த்து வாழைநாரால் கட்டினார். ஏரல் வளைவில் பஸ் திரும்பியதும் நார் அறுந்தது.

"பெரியவரே, உம்ம பூசணி தனித்தனியா இறங்குது வே!" என்று கண்டக்டர் கத்தினார்.

சீட்டுக்கடியில் தவழ்ந்து பொறுக்கினார். துண்டில் மூட்டையாக முடிந்துகொண்டு கோயிலுக்கு ஓடினார். வாசலில் ஞானசௌந்தரி நின்றாள். மூட்டையைப் பிரித்துப் பார்த்தாள்.

"நான் ஒண்ணுதானே நேர்ந்தேன்?"

வேதநாயகம் நடந்ததைச் சொன்னார்.

"கர்த்தருக்குள்ளதக் கொண்டுபோயா கடையில போட்டீங்க? இனி இந்தக் கண்ணு என்னத்துக்கு ஆகும்?" அவள் அழுதுவிட்டாள்.

பண்டிகை ஏலத்துக்கு வந்த காணிக்கைகளை உள்ளே அடுக்கிக்கொண்டிருந்த, கோயில் வேலைகளைப் பார்க்கும் கோயில்குட்டி ஞானசிகாமணி எட்டிப் பார்த்தார்.

"அழாதம்மா. முழுக் காய ஏலம் கேக்க ஆளில்லாம, அஞ்சு வருசமா நாங்களும் அந்தக் கடையிலதான் கொண்டுபோய்ப் போடுதோம்."